ஜூம்பரின் தாழி

அடுப்பில் ரொட்டி கருகி வீடே புகை மண்டியபோது, அடுப்படியிலேயே உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்த ஷால்வா மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை என்று போன வாரம் பார்த்தோம். அலாசானி சமவெளி முழுக்க ‘மூக்கு ஷால்வா’ என்று பெயர் வாங்கிய மனிதர். மூடியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் ஒயின் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவாராம். சொன்னாரோ இல்லையோ, ஊர் நம்பியது. பனிக்காலத்தில் வந்த காய்ச்சல் அந்த மூக்கையும் நாக்கையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டி கருகிய அன்று மகள் எதெரிக்கு மட்டும் புரிந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

இன்று அவள் தம்பி ஜூம்பருக்குக் கல்யாணம். நோன்பு முடிந்து, ஈஸ்டர் முடிந்து, மாதா கோயிலில் காலையிலேயே மணமக்களுக்கு முடி சூட்டிச் சடங்கை முடித்துவிட்டு வந்தாகிவிட்டது. முற்றத்தில் நீள நீளமாக மேஜை போட்டிருந்தார்கள். திராட்சைக் குச்சித் தணலில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது.

எதெரி ஒயின் தாழிகள் புதைத்த தாழிக்கூடத்தில் இருந்தாள். வேறெங்கே இருப்பாள்? ஜூம்பர் போலந்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வருஷமெல்லாம் கொடி கவாத்து செய்தது, மருந்தடித்தது, அறுவடைக்கு ஆள் பிடித்தது, பழம் மிதித்தது, கழுத்தளவு மண்ணில் புதைத்த தாழிகளுக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவியது எல்லாம் அவள்தான். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

சுவரோரத்தில் இருப்பது ஜூம்பரின் தாழி. அவன் பிறந்த வருஷம் அவன் பெயரால் புதைத்தது. ஒவ்வொரு அறுவடையிலும் முதல் கூடைப் பழத்தின் சாறு அதில்தான் ஊற்ற வேண்டும். அவன் கல்யாணத்தன்று அதிலிருந்துதான் விருந்துக்கு எடுக்க வேண்டும். எதெரி பிறந்தபோது என்ன புதைத்தார்கள் என்று கேட்காதீர்கள். தொப்புள்கொடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

“அந்தத் தாழியில மட்டும் நீ கை வெக்கக் கூடாது” என்பது ஷால்வாவின் சட்டம். “பொம்பளை கை பட்டா புளிச்சுடும்.” மற்ற தாழிகளெல்லாம் பொம்பளை கையிலேயே வளர்ந்து, புளிக்காமல், நல்ல பெயரோடு விலைபோனது எப்படி என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தாழியின் வாயைக் கல்லால் மூடி, கல்லைச் சுற்றிக் களிமண் பூசுவார்கள். அந்தக் களிமண்ணை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்து வெடித்தால் காற்று உள்ளே போகும். காற்று போனால் ஒயின் வினிகராகிவிடும். மற்ற தாழிகளுக்கு எதெரி தண்ணீர் தெளித்தாள். மகன் தாழிக்கு அப்பாவே தெளிப்பதாக ஏற்பாடு. காய்ச்சலில் கிடந்த நாளில் அப்பா மறந்தார். எழுந்த பிறகும் மறந்தார். “அப்பா, களிமண்ணு காஞ்சு கெடக்கு, நான் தெளிக்கட்டுமா?” என்று அவள் கேட்டபோது, “தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்” என்றார்.

நோன்பு தொடங்குவதற்கு முன்பு ஒருநாள் ஜூம்பரே அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கல்லைத் தூக்கினான். அவள் குனிந்து முகர்ந்தாள்.

“போச்சுடா தம்பி. முழுசும் வினிகர்.”

ஜூம்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. “அப்பாகிட்ட சொல்லாதக்கா. செத்தே போயிடுவாரு. நீ ஏதாவது பண்ணு. உன்னால முடியும்.”

என்ன பண்ணுவது என்று அவள்தான் யோசித்தாள். கல்யாணத்தன்று நடுத்தாழியிலிருந்து தன் ஒயினை ஒரு பெரிய ஜாடியில் எடுத்து வைத்துக்கொள்வது. அப்பா ஜூம்பரின் தாழியிலிருந்து மொண்டு கொடுக்கும் ஜாடியை மேஜைக்குக் கொண்டுபோகும் வழியில் மாற்றிவிடுவது. யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கண்டிப்பாகத் தெரியாது.

அதற்கு ஜூம்பர் ஒரு வாக்குக் கொடுத்தான். “தோட்டம் பேருக்குத்தான் என்னுதுக்கா. தாழிக்கூடத்துச் சாவி எப்பவும் போல உன் இடுப்புலதான். விருந்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்.”

அந்தச் சாவி தன் இடுப்பை விட்டுப் போகக் கூடாது, அதுதான் எதெரிக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

நடுத்தாழியிலிருந்து மொண்டு முடித்தாள். கறுப்பாக, கனமாக இறங்கியது. அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். பிறகு பெரிய தாழியைப் பார்த்தாள். வீட்டின் ஒரு வருஷத்துச் சாப்பாடு, விற்கப்போகும் அத்தனை ஒயினும், அதற்குள்தான் இருந்தது. நாலைந்து நாளாக அடித்த காய்ந்த காற்றில் அதன் மூடியைச் சுற்றிக் களிமண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. கல்யாண வேலையில் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். களிமண்ணைப் பிசைந்து, வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கூடத்து வாசலில் வைத்தாள். விருந்து முடிந்ததும் முதல் வேலை இதுதான். இந்த வெயிலுக்கு நாளை வரை தாங்காது.

“அக்கா, ஜாடி ரெடியா?” ஜூம்பர் வாசலில் நின்றான். புது கோட்டு, புது ஷூ. உள்ளே வந்தால் ஷூ அழுக்காகிவிடும் என்று வெளியிலேயே நின்றான்.

“ரெடிடா மாப்ளே. நீ சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“என்னக்கா இப்படிக் கேக்கறே? நான் அப்படிப்பட்டவனா?”

அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக முற்றத்துக்குப் போனாள். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. சம்பந்தி கோச்சாவோடு பேசிக்கொண்டிருந்தார். கோச்சா தெலாவிக்காரர். பெண்ணைக் கொடுத்தவர், பெரிய தோட்டக்காரர், குறைவாகப் பேசி நிறையப் பார்க்கிற ஆள்.

“சாவி இன்னிக்கே பையன் கைக்குப் போயிடும் சம்பந்தி” என்றார் ஷால்வா. “உங்க லமாரா வீட்டுக்குள்ள ராணி மாதிரி இருப்பா.”

“உங்க மக?”

“எதெரியா? அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். இங்கே புதுசா ஒருத்தி வந்தப்புறம் அவ எதுக்குக் குறுக்கே? உங்க தோட்டத்துல ஆள் இல்லேன்னீங்களே, கூட்டிட்டுப் போங்க. சம்பளம் கிம்பளம் கேக்க மாட்டா. மாடு மாதிரி உழைப்பா. தீனியும் கம்மி.”

கோச்சா சிரித்தார். அதோடு இன்னொரு சிரிப்பும் சேர்ந்து கேட்டது. எதெரி எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஜூம்பர் வந்து நின்றுகொண்டிருந்தான்.

“அக்கா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க மாமா” என்றான் அவன். “அவங்களுக்கு எங்கே தாழி இருக்கோ அதான் வீடு.”

எதெரியின் கையில் ஜாடி கனத்தது. அழுகை வரவில்லை. வந்த வழியே திரும்பினாள்.

வாசல் பக்கம் மேளக்காரர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. எதெரி ஜாடியை அவர்கள் நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

“இது உங்களுக்கு.”

“முழுசுமா?”

“முழுசும். ஒரு சொட்டு மிச்சம் வெச்சா எனக்குக் கோவம் வரும்.”

*

வாழ்த்துச் சொல்லி எல்லோரையும் குடிக்க வைக்கும் விருந்துத் தலைவர் நாற்காலியில் ஷால்வாவே உட்கார்ந்தார். அந்த ஊரில் எந்த விருந்திலும் வேறு ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார அவர் விட்டதில்லை. சொந்த மகன் கல்யாணத்தில் மட்டும் விடுவாரா?

கடவுளுக்கு ஒரு வாழ்த்து, மண்ணுக்கு ஒரு வாழ்த்து, செத்தவர்களுக்கு ஒரு வாழ்த்து. அதெல்லாம் வெளியிலிருந்து வாங்கிய வெள்ளை ஒயினில் ஓடியது. பிறகு அவர் எழுந்து கூடத்துக்குள் போனார். ஜூம்பரின் தாழியைத் தன் கையாலேயே திறந்தார். அகப்பையால் மொண்டு ஜாடியை நிரப்பினார். முகம் முழுக்கச் சிரிப்போடு வெளியே வந்து எதெரியிடம் நீட்டினார்.

“கொண்டு போய் ஊத்து.”

ஜூம்பர் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். மாற்றிவிடு என்று அர்த்தம். அவள் மாற்றவில்லை. நேராக மேஜைக்கு வந்து ஊற்றினாள்.

ஊற்றியது கொம்புகளில். ஆட்டுக் கொம்பு, எருமைக் கொம்பு, வெள்ளிப் பூண் போட்டவை. அடி கூரான கொம்பைக் கீழே வைக்க முடியாது. காலியாகும் வரை கையிலேதான் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கான வாழ்த்தை அடிவரைக்கும் குடிக்காதவன் அந்த வீட்டுக்குக் கெடுதல் நினைக்கிறவன். அங்கே பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

“என் மகன் ஜூம்பர்!” ஷால்வா கொம்பை உயர்த்தினார். “இவன் பிறந்தன்னிக்கு இவன் பேருல பூமியில தாழி வெச்சேன். ஒரு பொம்பளை நிழல்கூட அதுமேல விழ விட்டதில்ல. இன்னிக்கு அதைத் திறந்திருக்கேன். குடிங்க!”

எல்லோரும் கொம்பை வாயில் வைத்தார்கள்.

மேஜை முழுக்க ஒரு நொடி மூச்சு நின்றது. மாதா கோயில் பாதிரியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோச்சாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொம்பைக் கீழே வைக்க வழியில்லை, துப்புவதற்கும் இடமில்லை. மரியாதை என்ற ஒன்று இருக்கிறதே! ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு அடிவரை இறக்கினார்கள்.

ஷால்வாவும் இறக்கினார். இறக்கிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“ஆகா! தேன்! சீமைமாதுளம்பழ வாசனை வருதா? கடைசியில தொண்டையில லேசா சுடுது பாருங்க, அதான் என் மகன்! என்ன சம்பந்தி?”

“பலமா இருக்கு” என்றார் கோச்சா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“பாதர்?”

“இந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல” என்றார் பாதிரியார். பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டார்.

வாசல் பக்கத்திலிருந்து மேளக்காரர்களின் கும்மாளம் கேட்டது. அவர்கள் ஏனோ இப்போது உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷால்வா இன்னொரு கொம்பை நிரப்பச் சொன்னார். எல்லாவற்றிலும் பெரிய கொம்பு. “இந்த வாழ்த்து இன்னும் முடியல. இதை முடிக்க வேண்டியவ என் மக. அலாவெர்தி, எதெரி!”

தலைவர் அலாவெர்தி என்று சொல்லி ஒருவரிடம் வாழ்த்தை நீட்டினால், அவர் எழுந்து நின்று அதே வாழ்த்தைச் சொல்லி முடித்தே ஆக வேண்டும். மறுக்க முடியாது.

“எழுந்திரு. இன்னிலேர்ந்து தாழிக்கூடம் ஜூம்பரோடதுன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டு சாவியை அவன்கிட்ட குடு.”

எதெரி எழுந்தாள். கொம்பை வாங்கினாள். ஜூம்பரைப் பார்த்தாள். அவன் தட்டில் இருந்த கத்தரிக்காயைப் பிரமாதமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“சொல்றேம்ப்பா. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. இதுல என்ன வாசனை வருது?”

“அதான் சொன்னேனே. தேன்.”

“இன்னொரு தரம் நல்லா மோந்து பாருங்க. நீங்க மூக்கு ஷால்வா ஆச்சே.”

அவர் முகர்ந்தார். அந்த முகத்தில் பயம் ஒரு கணம் வந்து போனதை எதெரி பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு இனித்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“தேன்” என்றார் மறுபடியும்.

“வினிகர்ப்பா. சாலட்ல ஊத்தற வினிகர். இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மரியாதை குடுத்துக் குடலை வேகவெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. உங்களுக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. பனிக்காலத்திலேயே போச்சு.”

ஒருவராவது இல்லை என்று சொல்வாரா என்று ஷால்வா மேஜையைச் சுற்றிப் பார்த்தார். பாதிரியார் குனிந்துகொண்டார். கோச்சா மீசையைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் சம்பாதித்த பெயர் அந்த மேஜை மீது செத்துக் கிடந்தது. எதெரி எதிர்பார்த்த வெற்றி இதுதான்.

ஆனால் கிழவருக்கு மூக்குத்தான் போயிருந்தது. மூளை போகவில்லை.

“வினிகர்னா, எப்ப ஆயிருக்கும்?” என்றார் மெதுவாக.

“நோன்புக்கு முன்னாடியே ஆயிடுச்சு.”

“மூடி இன்னிக்குத்தானே திறந்தேன்? நோன்புக்கு முன்னாடியே ஆயிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

எதெரிக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

“ஜூம்பர்தான் திறந்தான். அவன்தான் கூப்பிட்டான். நான் மோந்து மட்டும் பார்த்தேன். டேய், சொல்லேன்டா.”

எல்லாத் தலையும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. அவன் மாமனாரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணைப் பார்த்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான். “நான் அந்தப் பக்கமே போகல.”

“கேட்டுக்குங்க!” ஷால்வா மேஜையைக் குத்தினார். “தம்பி கல்யாணம் பொறுக்காம திருட்டுத்தனமா திறந்து கையை விட்டிருக்கா. பொம்பளை கை! நான் சாமி மாதிரி வெச்சிருந்த தாழி! பொறாமை பிடிச்சவ கை பட்டு புளிச்சுப் போச்சு. மக மானம் போகக் கூடாதுன்னுதான் நான் தேன் தேன்னு சொல்லிட்டிருந்தேன்!”

அப்பாடா என்று அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். இதை நம்புவது சுலபம். நம்பினால் மூக்கு ஷால்வா மூக்கு ஷால்வாவாகவே இருப்பார், மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே இருப்பான், விருந்தும் நடக்கும். ஒரு பெண்தான் கெட்டவளாக வேண்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

“எங்க வீட்டுக்கு இந்தக் கை வேணாம் சம்பந்தி” என்றார் கோச்சா. “சும்மா குடுத்தாலும் வேணாம்.”

“யாருக்குமே வேணாம்” என்றார் ஷால்வா. “இன்னிலேர்ந்து இந்தக் கூடத்துக்குள்ள எந்தப் பொம்பளையும் கால் வெக்கக் கூடாது. எதெரி, வாழ்த்தை முடிச்சுட்டு, சாவியை வெச்சுட்டு, கண்ணுல படாம போயிடு.”

கொம்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் முடியாது. அவள் தம்பியைப் பார்த்தபடியே, ஒரு தடவைகூட நிறுத்தாமல் அத்தனையையும் குடித்தாள். நெஞ்சு எரிந்தது. காலிக் கொம்பை எல்லோரும் பார்க்கும்படி கவிழ்த்துக் காட்டினாள்.

“தாழிக்கூடம் ஜூம்பரோடது” என்றாள். “நல்லா இருடா.”

சாவியை அவிழ்த்து அவன் தட்டில், கத்தரிக்காய் மேலேயே வைத்தாள்.

*

துணிமூட்டை ஒன்றுதான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்து வாசலைத் தாண்டும்போது வாளி கண்ணில் பட்டது. தண்ணீர் நிறைந்தபடி இருந்தது. பக்கத்தில் பிசைந்த களிமண் ஈரத்துணிக்குள் அப்படியே இருந்தது. கதவிடுக்கு வழியாகப் பெரிய தாழியின் மூடி தெரிந்தது. காலையில் மயிரிழை அகலமே இருந்த வெடிப்பில் இப்போது விரல் நுழையும்.

மேளக்காரக் கிழவர் ஒருவர் தள்ளாடிக்கொண்டே வந்தார். “அம்மாடி, அந்த ஜாடியில குடுத்தியே, அது யார் கைப்பக்குவம்? என் ஆயுசுல இப்படிக் குடிச்சதில்ல.”

“அந்தக் கையை இப்பதான் வேணாம்னு சொன்னாங்க” என்றாள் எதெரி.

அவருக்குப் புரியவில்லை. தலையாட்டிக்கொண்டே போனார்.

எதெரி வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். முகம் கழுவினாள். கையைக் கழுவினாள், முழங்கை வரைக்கும், அவசரமில்லாமல். மிச்சத் தண்ணீரை வாசலில் கவிழ்த்தாள். புழுதி அதை உடனே குடித்துவிட்டது.

“அண்ணி.”

லமாரா நின்றுகொண்டிருந்தாள், கல்யாண உடையின் ஓரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி. அவளுடைய மறு கையில் கொம்பு இருந்தது. அது இன்னும் நிறைந்தபடியே இருந்தது. மேஜையிலேயே அவள் ஒருத்திதான் குடிக்காமல் தப்பித்தவள்.

“வாய்க்கிட்ட கொண்டு போனதுமே தெரிஞ்சுது அண்ணி. எனக்கு அப்பா வீட்டுல சின்ன வயசுலேர்ந்தே மூக்கு நல்லா வேலை செய்யும்.” அவள் கவிழ்ந்த வாளியைப் பார்த்தாள். களிமண்ணைப் பார்த்தாள். கதவிடுக்குப் பக்கம் குனிந்தாள். “அந்தப் பெரிய தாழி… இந்தத் தண்ணி அதுக்குத்தானே வெச்சிருந்தீங்க? இப்பவே பூசணுமா? நான் பூசறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

எதெரி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். நல்ல பெண். இந்த வீட்டில் இன்னும் ஒரு நாள்கூட வாழாத பெண். அவளுடைய வருஷத்துச் சாப்பாடும் அந்தத் தாழிக்குள்தான் இருந்தது. சொல்வதற்கு நாலு வார்த்தை போதும்.

மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நீ தொடாதம்மா” என்றாள் எதெரி. “பொம்பளை கை பட்டா புளிச்சுடும்.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் வாளியின் பிடி கிணுகிணுத்தது. லமாரா அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் பார்த்து நின்றாள்.